தன்னைக் கரைத்துப் படகைக் காக்கும் துத்தநாகம்... ஹம்ப்ரி டேவி விட்டுச்சென்ற பாடம்!

முப்பது அடி நீளத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகை மனசுல கொண்டு வாங்க. உள்ளே நாலு பேர் படுக்கிற மாதிரி ஒரு கேபின். மூலையில் ஒரு குட்டி கேஸ் அடுப்பு. படிக்கட்டுக்குக் கீழே இன்ஜின். பக்கத்துலயே 12 வோல்ட் பேட்டரி. பார்க்க பொம்மை வீடு மாதிரி அழகா இருக்கும். ஆனா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கேஸ், எரிபொருள், மின்சாரம், உப்புத்தண்ணீர்... ஒருத்தரோட ஒருத்தர் சேரவே கூடாத நாலு பேரை ஒரே ரூம்ல பூட்டி வெச்ச கதைதான் அது. ஏதாவது நடந்தா தெருவுக்கு ஓடிப்போய் நிக்கவும் முடியாது. சுத்தியும் கடல்!

இந்த நாலு பேரையும் சண்டை போடாமல் வைத்திருக்க, படகில் சில சின்னப் பொருள்கள் இருக்கும். அதில் மூன்றை மட்டும் பார்ப்போம். ஒன்று, கேபின் சுவரில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம். இரண்டு, பெட்ரோல் இன்ஜின் காற்று இழுக்கும் வாயில் பொருத்தியிருக்கும் உலோகச் சல்லடை. மூன்று, தண்ணீருக்கு அடியில் புரொப்பல்லர் தண்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி.

இந்த மூன்றும் 200 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. முதல் ஆபத்தில் அவரே சாகக் கிடந்தார். இரண்டாவது அவரைக் கொண்டாட வைத்தது. மூன்றாவது அவரைக் கேலிப்பொருள் ஆக்கியது. அவர் பெயர் ஹம்ப்ரி டேவி. சோடியம், பொட்டாசியம் கண்டுபிடித்தவர் என்று ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதை ரொம்பப் பெருசு.

கடலோர ஊர்ப் பையன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் கார்ன்வால். அங்கே பென்சான்ஸ் என்ற துறைமுக ஊரில் 1778 டிசம்பர் 17-ம் தேதி பிறந்தார் டேவி. அப்பா மரச்சிற்பி. வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். மீன் பிடிப்பது, கதை சொல்வது, கவிதை எழுதுவது என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்த பையனுக்கு 15 வயதில் இடி விழுந்தது. அப்பா இறந்துபோனார். வீட்டுக்குக் கடன் பாக்கி வேறு.

மூத்த பிள்ளை ஆயிற்றே... அடுத்த வருஷமே, 1795-ல், ஊரில் இருந்த ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். மருந்து இடிப்பது, கலப்பது என்று ஆரம்பித்த வேலை பையனை வேதியியல் பக்கம் இழுத்தது. மாடி அறையில் கிடைத்ததை எல்லாம் கலந்து, கொதிக்க வைத்து, வீட்டையே கதிகலங்க வைப்பார். கல்லூரிப் பக்கமே போகாதவர். புத்தகமும் கைப்பழக்கமும்தான் அவருக்கு வாத்தியார்.

மூச்சோடு விளையாட்டு

1798-ல் பிரிஸ்டல் நகரிலிருந்து அழைப்பு வந்தது. தாமஸ் பெடோஸ் என்ற டாக்டர், வாயுக்களைச் சுவாசிக்க வைத்து நோயைக் குணமாக்க முடியுமா என்று ஆராய ஒரு நிலையம் தொடங்கினார். அதில் வாயுக்களைத் தயாரித்துச் சோதிக்கும் பொறுப்பு 19 வயது டேவிக்கு. சோதனை எலி யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான்!

நைட்ரஸ் ஆக்ஸைடை இழுத்துப் பார்த்தார். தலை கிறுகிறுத்தது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நண்பர்களுக்கும் கொடுத்தார். கோல்ரிட்ஜ், சௌத்தி போன்ற கவிஞர்கள்கூட அந்தப் பையை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த வாயு வலியைக் குறைக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று 1800-ல் வெளியான தன் புத்தகத்தில் டேவி எழுதிவைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கப்புறம் 40 வருஷத்துக்கும் மேலாக, மயக்க மருந்து இல்லாமலேயே கையையும் காலையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு வாயுவோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கார்பன் மோனாக்ஸைடு கலந்த ஒரு வாயுவையும் இழுத்தார். சில மூச்சுதான். நெஞ்சு அடைத்தது, கை கால் தளர்ந்தது, நாடி தாறுமாறாக ஓடியது. எப்படியோ வெளிக்காற்றுக்கு வந்து பிழைத்தார். இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுத்திருந்தால் சோடியமும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

படகு கேபினில் இருக்கும் அந்த அலாரம் பார்த்துக்கொண்டிருப்பது இந்த வாயுவைத்தான். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அடுப்போ ஹீட்டரோ போதிய காற்று இல்லாமல் எரிந்தால் உருவாகும். இன்ஜின் புகையிலும் இருக்கும். மழை, குளிர் என்று ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, கேபினைச் சூடாக்க அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதுதான் படகில் நடக்கும் மிக மோசமான தப்பு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. டேவி விழித்திருந்தார், இளைஞர், பக்கத்திலேயே நல்ல காற்று இருந்தது. தூங்குகிறவருக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கேஸ் கெய்சர் வைக்காதீங்க என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

லண்டனின் ஹீரோ

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. இப்போ யூடியூபில் சயின்ஸ் வீடியோவுக்குக் கூட்டம் கூடுகிற மாதிரி, அப்போது டேவியின் மேடைப் பேச்சுக்குக் கூட்டம் அலைமோதியது. கண் முன்னாலேயே பொறி பறக்கும், வெடிக்கும், நிறம் மாறும். பார்க்க வந்தவர்களின் குதிரை வண்டிகளால் ஆல்பமார்ல் தெருவே திணறியது.

இத்தாலியின் வோல்டா 1800-ல் பேட்டரியை அறிவித்திருந்தார். இரண்டு வேறு வேறு உலோகங்கள், நடுவில் உப்புக் கரைசல். அவ்வளவுதான், மின்சாரம் ரெடி! டேவி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மின்சாரத்தைச் செலுத்தி உருகிய பொருள்களைப் பிரித்தார். 1807-ல் பொட்டாசியம், அடுத்த சில நாள்களில் சோடியம். 1808-ல் கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்டியம். பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இருந்த நேரத்தில், பிரெஞ்சுக்காரர்களே அவருக்குப் பரிசு கொடுத்தார்கள்.

இரண்டு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர் என்பதை மட்டும் மறக்காமல் வெச்சுக்கோங்க. கதையின் கடைசியில் இது திரும்ப வரும்.

1812-ல் சர் பட்டம், பணக்கார விதவையான ஜேன் அப்ரீஸுடன் கல்யாணம். அதே வருஷக் கடைசியில் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வெடித்துக் கண்ணில் காயம். கொஞ்ச நாள் எழுத முடியாமல் போக, உதவிக்கு ஓர் இளைஞரை வைத்துக்கொண்டார். புக் பைண்டிங் கடையில் வேலை பழகிய பையன். டேவியின் பேச்சுக்களைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பியவன். 1813-ல் ஆய்வகத்தில் அவனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பெயர் மைக்கேல் ஃபாரடே.

92 உயிர்கள்... ஒரு கம்பிவலை

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசிலைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள். கரி வெட்டும்போது மீத்தேன் கசியும். உள்ளே ஒரே இருட்டு. வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி வேண்டும். மெழுகுவத்தி என்றால் நெருப்பு. நெருப்பும் மீத்தேனும் சந்தித்தால்?

1812 மே 25-ம் தேதி ஃபெல்லிங் சுரங்கத்தில் சந்தித்தன. 92 பேர் செத்தார்கள். அதில் பலர் சின்னப் பையன்கள். சடலங்களை மீட்கவே வாரக்கணக்கில் ஆனது. அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் நடந்ததை எல்லாம் எழுதி வெளியிட்டார். இதற்கு ஏதாவது வழி கண்டுபிடியுங்கள் என்று 1815-ல் டேவியிடம் போய் நின்றார்கள்.

அவர் நேரில் போனார். சுரங்கக்காரர்களிடம் பேசினார். அந்த வாயுவைப் பாட்டில்களில் பிடித்து லண்டனுக்கு வரவழைத்தார். சோதித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, காற்றோடு குறிப்பிட்ட அளவு கலந்தால்தான் மீத்தேன் வெடிக்கும். ரொம்பக் குறைந்தாலும் வெடிக்காது, ரொம்பக் கூடினாலும் வெடிக்காது. இரண்டு, குறுகிய உலோகக் குழாய் வழியாக அந்தத் தீ தாண்டிப் போவதில்லை!

ஏன்? தீ பரவ வேண்டும் என்றால் அடுத்திருக்கும் வாயு போதுமான அளவு சூடாக வேண்டும். நடுவில் இருக்கும் உலோகம் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டால், அந்தப் பக்கம் இருக்கும் வாயு பற்றிக்கொள்ளாது. குழாயைக் குட்டியாக்கிக் குட்டியாக்கி, கடைசியில் கம்பிவலையில் வந்து நின்றார் டேவி. ஒரு சதுர அங்குலத்தில் 784 ஓட்டைகள். எண்ணெய் விளக்கைச் சுற்றி அந்த வலையால் ஒரு கூண்டு. காற்று உள்ளே போகும், வெளிச்சம் வெளியே வரும், தீ மட்டும் வராது. மீத்தேன் அதிகமாக இருந்தால் சுடர் நீண்டு, நீல நிறத்தில் ஒரு தொப்பி போட்டுக்கொள்ளும். ஆக, அது விளக்கும்தான், எச்சரிக்கைக் கருவியும்தான். 1816 ஜனவரியில் ஹெபர்ன் சுரங்கத்தில் இறக்கிச் சோதித்தார்கள். வேலை செய்தது.

காப்புரிமை வாங்குங்கள், வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு வரும் என்று சுரங்க நிர்வாகி ஜான் பட்டில் எவ்வளவோ சொன்னார். டேவி மறுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கடன்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர் எடுத்த முடிவு இது.

ஆனா, அவரை முழுக்கப் புனிதர் ஆக்கிவிட வேண்டாம். அதே சமயம், பக்கத்துக் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற தொழிலாளி, உயிரைப் பணயம் வைத்து, தானே செய்த ஒரு பாதுகாப்பு விளக்கை வாயு கசியும் இடத்திலேயே சோதித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ரயில் இன்ஜினால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் இவர்தான். பெரிய படிப்பில்லாத ஒருவர் இதைச் சொந்தமாக யோசித்திருக்க முடியும் என்பதை டேவியால் கடைசி வரை நம்ப முடியவில்லை. தன் ஐடியாவைத் திருடிவிட்டார் என்றே நினைத்தார். தானும் கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பதை எப்படி மறந்தாரோ!

அதே வலை, உங்கள் படகில்

பெட்ரோல் இன்ஜின் சில நேரம் தும்மும். உள்ளே இருக்கும் தீ, காற்று வரும் வழியாகவே திரும்பி வெளியே எட்டிப் பார்க்கும். காரில் என்றால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகில் இன்ஜின் இருப்பது மூடிய பெட்டிக்குள். அங்கே பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் கதை முடிந்தது. அதனால்தான் அந்த வாயில் உலோகச் சல்லடை. தீ வரும், உலோகம் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும், தீ அங்கேயே சாகும். ஹெபர்ன் சுரங்கத்தில் இறங்கிய அதே தத்துவம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் சுரங்கத்துக்கும் படகுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போய்க் கூரையில் தங்கும். சமையல் எரிவாயுவான எல்.பி.ஜி காற்றைவிடக் கனம். கீழே இறங்கும். படகின் அடிவயிற்றில், மாலுமிகள் பில்ஜ் என்று சொல்லும் பள்ளத்தில், தண்ணீர் மாதிரி தேங்கும். படகில் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்றுதான் அடைத்துக் கட்டுகிறோம். அதே கட்டுமானம் கேஸை வெளியே விடாது. காற்றில் சுமார் 2 முதல் 10 சதவிகிதம் வரை கலந்தால் போதும், ஒரு சின்னப் பொறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் படகில் சிலிண்டருக்கு என்று தனிப்பெட்டி இருக்கும். கேபினோடு அதற்குத் தொடர்பே இருக்கக் கூடாது. அதன் அடியில் ஒரு துளை, கசிந்த கேஸ் நேராகக் கடலுக்கு மேல் வெளியேறுவதற்கு. கேஸ் மோப்பம் பிடிக்கும் கருவியும் தாழ்வான இடத்தில்தான் இருக்க வேண்டும். கூரையில் மாட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாசம் வந்தால் முதல் விதி, எந்த ஸ்விட்ச்சையும் தொடாதே. ஆன் செய்தாலும் பொறி வரும், ஆஃப் செய்தாலும் பொறி வரும். சிலிண்டரை மூடு, எல்லாத் திறப்புகளையும் திற, ஆள்கள் மேலே வந்துவிடுங்கள்.

விளக்கு வந்தது... சாவு குறையவில்லை!

இப்போ கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். டேவி விளக்கு வந்த பிறகு சுரங்கச் சாவுகள் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீங்க? 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்குப் பார்த்தது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து மாவட்டங்களில், விளக்கு வருவதற்கு முந்தைய 18 வருஷத்தில் 447 பேர் இறந்திருந்தார்கள். வந்த பிறகான 18 வருஷத்தில் 538 பேர்.

எப்படி? வாயு அதிகம் என்று மூடிவைத்திருந்த இடங்களை எல்லாம், அதான் விளக்கு இருக்கே என்று முதலாளிகள் திறந்துவிட்டார்கள். இன்னும் ஆழம், இன்னும் அதிக ஆள்கள், இன்னும் அதிகக் கரி. காற்றோட்டத்துக்குச் செலவு செய்வதை விட்டுவிட்டு விளக்கைக் கையில் கொடுத்து இறக்கிய இடங்களும் உண்டு. விளக்குக்கும் குறைகள் இருந்தன. வலை துருப்பிடித்து ஓட்டை விழும். காற்று வேகமாக அடித்தால் தீ வலையைத் தாண்டிவிடும். வெளிச்சம் மங்கல் என்பதால், வெட்டிய கரிக்குத் தகுந்த கூலி வாங்கும் தொழிலாளி கூண்டைத் திறந்துவிட்டு வேலை செய்வார். கரி குறைந்தால் கூலி குறையுமே.

டேவி செய்த கருவியில் விஞ்ஞானம் சரியாகவே இருந்தது. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதர்கள் எடுத்த முடிவுகள்தான் ஆளைக் கொன்றன. படகில் அலாரம் இருக்கிறது என்பதற்காக ஜன்னலைச் சாத்துகிறவரும், சல்லடை இருக்கிறது என்பதற்காக பெட்ரோல் கசிவைத் துடைக்காமல் விடுகிறவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கப்பலுக்கு அடியில் ஒரு பட்டாணி

1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார் டேவி. நாட்டின் விஞ்ஞானத்துக்கே தலைமை. 1823-ல் கடற்படையிடமிருந்து ஒரு பிரச்னை வந்தது. மரக்கப்பல்களைக் கப்பல் புழு துளைத்துவிடும். அதைத் தடுக்க அடிப்பகுதி முழுக்கத் தாமிரத் தகடு அடித்திருந்தார்கள். அந்தத் தாமிரம் கடல்நீரில் அரித்துக்கொண்டே போனது. கப்பல் கப்பலாகத் தகடு மாற்றி மாளவில்லை.

டேவிக்கு அந்தப் பழைய பேட்டரி ஞாபகம் வந்தது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத்தண்ணீர்! தாமிரத்தோடு துத்தநாகத்தையோ இரும்பையோ தொட வைத்தால், கடலுக்குள்ளேயே ஒரு பேட்டரி உருவாகும். அதில் கரைவது துத்தநாகமாக இருக்கும், தாமிரம் தப்பிக்கும். சோதித்துப் பார்த்தார். பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலத் தாமிரத்தைக் காப்பாற்றியது. 1824-ல் இதை ராயல் சொசைட்டியில் அறிவித்தார். கப்பல்களில் பொருத்த ஆரம்பித்தார்கள். முதலில் பொருத்திப் பார்த்த கப்பல்களில் ஒன்று சமராங். நம்ம கொச்சியில் கட்டி, 1822-ல் கடலில் இறக்கிய கப்பல் அது. ஓடும் கப்பலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, டேவி தானே ஒரு நீராவிக் கப்பலில் ஏறி நார்வே வரை போய் வந்தார்.

தாமிரம் அரிக்கவில்லை. சொன்னது சொன்னபடி நடந்தது. ஆனால், கப்பல்கள் மெதுவாக ஓட ஆரம்பித்தன!

அடியில் பார்த்தால் பாசியும் கொட்டலசும் அப்பிக்கிடந்தன. பாறையில் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அந்த ஓட்டு உயிரிதான் கொட்டலசு. தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்ததால்தான், அந்த விஷத்துக்குப் பயந்து அவை இத்தனை நாள் கிட்ட வராமல் இருந்தன. கரைவதை டேவி நிறுத்தினார். உயிரினங்கள் குடியேறிவிட்டன. 1825-லேயே, கடலில் ஓடும் கப்பல்களிலிருந்து அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட உத்தரவு வந்தது. பத்திரிகைகள் வெச்சுச் செய்தன. நாட்டின் முதல் விஞ்ஞானிக்கு நாடே பார்க்கிற மாதிரி ஒரு தோல்வி.

அதே 1824-ல்தான் ஃபாரடேவை ராயல் சொசைட்டியில் உறுப்பினராக்கும் முயற்சி நடந்தது. தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். தான் கைதூக்கிவிட்ட பையன் தன்னைத் தாண்டிப் போவது உறுத்தியிருக்கலாம். எதிர்ப்பையும் மீறி ஃபாரடே தேர்வானார்.

தோற்ற ஐடியா ஜெயித்தது எப்படி?

டேவி செய்ததைச் சரியான இடத்தில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய படகு. வெண்கலப் புரொப்பல்லர், எஃகுத் தண்டு, சுற்றிலும் உப்புத்தண்ணீர். சும்மா விட்டால் அதுவே ஒரு பேட்டரி. ஒரு உலோகம் இன்னொன்றைத் தின்னும். அதனால் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டுகிறார்கள். அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அவ்வளவுதான், தண்ணீரைத் தொட முடியாமல் சும்மா தொங்கும். உப்புத்தண்ணீருக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம். கொட்டலசு பிரச்னைக்கு? படகின் உடம்பில் தாமிரம் கலந்த பெயின்ட். டேவியை அவமானப்படுத்திய அதே தாமிரக் கரைசல் இப்போது சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது!

நிலத்துக்கு அடியில் போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களைக் காப்பதும் இதே முறைதான். உங்க வீட்டு பாத்ரூமில் தண்ணீர் தேக்கிவைக்கும் கெய்சர் இருந்தால், அதற்குள் பெரும்பாலும் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது கரைந்துகொண்டிருக்கிறது. சர்வீஸ் ஆள் ராடு மாத்தணும் சார் என்று சொன்னால், டேவியை நினைச்சுக்கோங்க.

இதில் ஒரு புதுச் சிக்கலும் உண்டு. துறையில் நிற்கும் படகுகள் கரையிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் எடுக்கும்போது, எர்த் ஒயர் வழியாக எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. உங்கள் துத்தநாகம் பக்கத்துப் படகையும் சேர்த்துக் காப்பாற்றி, சீக்கிரம் கரைந்துவிடும். கட்டி தீர்ந்துபோகிறதே என்று எர்த் ஒயரையே கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்து வேறு கிடையாது. படகுக்குள் மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் தண்ணீரில் இறங்கும், பக்கத்தில் நீந்துகிறவரின் தசைகளை முடக்கி மூழ்கடிக்கும். நல்ல தண்ணீரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால், அந்தத் தண்ணீரைவிட உப்பு நிறைந்த மனித உடம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சின்ன அரிப்பு மின்னோட்டத்தை மட்டும் தடுத்து, ஆபத்து நேரத்தில் எர்த்தை வேலை செய்யவிடும் ஐசொலேட்டர் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. கரையிலிருந்து வரும் லைனில், கசிவு தெரிந்ததும் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி-யும் கட்டாயம் வேண்டும்.

படகில் ஏறும் முன் ஒரு நிமிஷம்

நண்பர்களோடு எங்கேயாவது படகு வாடகைக்கு எடுத்துத் தங்கப்போறீங்களா? இதை மட்டும் பார்த்துடுங்க.

* கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். சத்தம் வரணும்.
* சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டும் மூடினால் போதாது. சிலிண்டர் வால்வையும் மூடுங்கள்.
* பெட்ரோல் இன்ஜின் என்றால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் காற்றை வெளியேற்றும் விசிறியை நாலு நிமிஷமாவது ஓடவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாசம் வந்தால் அந்த ஸ்விட்ச்சும் வேண்டாம்.
* பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால், ஷார்ட் ஆனால் ஒயரையே பழுக்க வைக்கும்.
* கரை மின்சாரம் இணைத்திருக்கும் துறையில் நீந்த இறங்காதீர்கள்.

கடைசி நாள்கள்

1826 கடைசியில் டேவிக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த வருஷம் ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை விட்டார். சின்ன வயதில் கற்ற தூண்டிலைத் திரும்பக் கையில் எடுத்தார். ஐரோப்பாவின் ஆறுகளைத் தேடிப் போய் மீன் பிடித்தார், அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1829 மே 29-ம் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 50 தான். பிள்ளைகள் இல்லை.

சுரங்க முதலாளிகள் நன்றிக்காகக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் அவரிடம் இருந்தன. பின்னாளில் அவை ராயல் சொசைட்டிக்கு வந்து, அதை விற்ற பணத்தில்தான் வேதியியலுக்கான டேவி பதக்கம் உருவானது. 1877-லிருந்து கொடுக்கிறார்கள். ஃபாரடே, டேவி இறந்து இரண்டு வருஷத்தில் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்று அந்தத் துறைக்குக் கேபிளில் வரும் மின்சாரத்தின் தொடக்கம் அது.

டேவி செய்த விளக்கு, யாரோ கூண்டைத் திறந்தபோது தோற்றது. அவர் கண்டுபிடித்த துத்தநாகக் காப்பு, அதன் பக்கவிளைவை யாரும் யோசிக்காதபோது தோற்றது. இரண்டிலும் பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அடுத்த முறை ஒரு படகைக் கரையேற்றி வைத்திருப்பதைப் பார்த்தால், பின்பக்கம் போய்ப் புரொப்பல்லர் தண்டைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில், அரித்துப்போன கட்டி ஒன்று இருக்கும். அது நன்றாக அரித்திருந்தால் சந்தோஷப்படுங்கள், வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பாதிக்கு மேல் காணோம் என்றால், படகுக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.